‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்ற கதவு

சென்னை ரிச்சி தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்து நான் கடை போட்டது தொண்ணூறுகளின் கடைசியில். செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை எடுத்துக் கொடுக்கும் வேலை. ஆடிட்டர் ஆபீஸின் டேலி கணக்கு, ஸ்டூடியோக்காரர் கை தவறி அழித்த கல்யாணப் போட்டோக்கள், முடியும் தறுவாயில் காணாமல்போன பிஎச்டி ஆய்வேடு என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. 2013 நவம்பரில் ஒரு பிட்காயின் ஆயிரம் டாலரைத் தாண்டியதும் கடைக்கு வருகிற முகங்கள் மாறின. இருபத்தைந்து வயதுப் பையன்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கை பனியனில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்கள். இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் ஓசி கரண்டில் ராத்திரி முழுக்க கம்ப்யூட்டரை ஓடவிட்டு பிட்காயின் சேர்த்தவர்கள். அன்றைக்கு அதற்கு டீக்காசுகூடத் தேறாது என்பதால் ஃபார்மட் அடித்து வேறு விண்டோஸ் ஏற்றியிருப்பார்கள்.

அந்தக் காலத்து பிட்காயின் மென்பொருள், பணத்துக்கு உரிமை தருகிற பிரைவேட் கீகளை எல்லாம் வாலட் டாட் டேட் என்ற ஒரே ஃபைலில் வைத்திருந்தது. 2011 செப்டம்பரில் 0.4 பதிப்பு வரும்வரை அந்த ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போடக்கூட வழியில்லை. பென் டிரைவில் காப்பி எடுத்தவன் எவனோ அவனுக்கே பணம். ஆனால் என்னிடம் வந்தவர்களில் யாரும் திருட்டுக் கொடுத்தவர்கள் இல்லை, தாங்களே தொலைத்தவர்கள். அதிலும் பேக்கப் எடுத்து வைத்திருந்தும் தொலைத்தவர்கள் உண்டு. ஒரு பையன் சிடி ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தான். ஃபைல் நன்றாகத் திறந்தது, உள்ளே சொற்பக் காசுதான் இருந்தது. அந்த மென்பொருள் முன்கூட்டியே நூறு கீகளை உருவாக்கி வைத்துக்கொள்ளும். யாருக்காவது காசு அனுப்பினால், மீதிச் சில்லறை அந்த நூறில் அடுத்த கீக்குப் போகும். நூறும் தீர்ந்தபின் உருவாகிற கீகள் பழைய சிடியில் எப்படி இருக்கும்? அவன் சிடி எடுத்த பிறகு ஒரு வருடம் நண்பர்களோடு கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறான். கடைசியில் அந்த டிஸ்க்குக்கே ஹெட் மாற்றி, செக்டார் செக்டாராகப் படித்துத்தான் மீதியை எடுத்தோம்.

இந்தத் தலைவலிக்கு முடிவு கட்டியது பன்னிரண்டு வார்த்தை முறை. 2013-ல் எழுதப்பட்ட பிஐபி 39 என்ற விதிமுறை, 2048 எளிய ஆங்கில வார்த்தைகளைப் பட்டியல் போட்டது. வாலட் உருவாகும்போது அதிலிருந்து பன்னிரண்டோ இருபத்துநான்கோ வார்த்தைகளை வரிசையாகத் தரும். அந்த வரிசை இருந்தால் போதும், எந்தக் காலத்திலும் எல்லாக் கீகளையும் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க் போனால் போகட்டும். எனக்குப் பிழைப்பு போச்சு என்றுதான் நினைத்தேன். டிஸ்க்குக்குப் பதில் காகிதம் வர ஆரம்பித்தது.

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்து சில வாரம் கழித்து வேளச்சேரியிலிருந்து ஒருவர் வந்தார். செல்போன் தண்ணீரில் போய்விட்டது. வார்த்தைகளை எழுதிய காகிதம் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்திருக்கிறது. வெயிலில் காயவைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தார். ஜெல் பேனா. நீலம் காகிதம் முழுக்கப் படர்ந்து, ஒரு வார்த்தை இருந்த இடமே தெரியவில்லை. இன்னொன்று ‘வேர்ட்’டா, ‘வேர்ல்ட்’டா, ‘ஒர்க்’கா என்று புரியவில்லை, மூன்றுமே அந்தப் பட்டியலில் உண்டு. போதாக்குறைக்கு இரண்டு பத்தியாக எழுதியிருந்தார், நம்பர் போடவில்லை. குறுக்கே படிக்க வேண்டுமா, நெடுக்கே படிக்க வேண்டுமா என்பது அவருக்கே நினைவில்லை.

இந்த மாதிரி நேரத்தில்தான் அந்த முறையை உருவாக்கியவர்களைக் கும்பிடத் தோன்றும். பன்னிரண்டு வார்த்தைக்குள்ளேயே ஒரு சரிபார்ப்புக் கணக்கு ஒளிந்திருக்கிறது. கண்டபடி வார்த்தைகளைச் சேர்த்தால் பதினாறில் ஒன்றுதான் தேறும். அழிந்துபோன வார்த்தைக்கு 2048 வாய்ப்பு, மங்கிய வார்த்தைக்கு மூன்று, படிக்கும் திசைக்கு இரண்டு. மொத்தம் 12,288. சரிபார்ப்பில் வடிகட்டினால் எழுநூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றுக்கும் உரிய முகவரியில் காசு இருக்கிறதா என்று பார்க்க, டீ குடித்துவிட்டு வருகிற நேரம் போதும். கிடைத்தது. நெடுக்கேதான் எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து நம்பர் போடச் சொல்வேன், பால்பாயின்ட் பேனாவில் எழுதச் சொல்வேன். பெரிய தொகை என்றால் எவர்சில்வர் தகட்டில் பொறிக்கச் சொல்வேன். நம் ஊரில் பாத்திரக் கடை வாசலில் குடத்துக்கும் தட்டுக்கும் பெயர் வெட்டிக் கொடுப்பார்களே, அதே மெஷின்தான். ஒருவர் தகட்டை எடுத்துக்கொண்டு நேராக அந்தக் கடைக்கே போய் வரிசையில் நின்றுவிட்டார். மெஷினை வாங்கிவந்து வீட்டில் உட்கார்ந்து நீங்களே வெட்டுங்கள் என்று போனில் கத்த வேண்டியதாயிற்று.

என் தொழிலிலேயே இருக்கிற ஒரு சிக்கலையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வார்த்தைகளை மீட்டுக் கொடுத்தால் அவை எனக்கும் தெரியும். அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மீட்டெடுத்த நிமிடமே, நான் அறையை விட்டு வெளியே போய்விடுவேன். அவர் புதிதாக ஒரு வாலட் உருவாக்கி, புது வார்த்தைகளை எழுதிக்கொண்டு, காசை அங்கே மாற்றிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட வேண்டும். கூலி மணிக்கணக்கில். மீட்ட தொகையில் பங்கு கேட்கிறவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

2017-ல் விலை ஏறியபோது ஊரே எக்ஸ்சேஞ்சுகளில் கணக்குத் திறந்தது. வார்த்தை, காகிதம் எதுவும் வேண்டாம். மெயில் ஐடி, செல் நம்பர், பாஸ்வேர்டு போதும். கீகளை எக்ஸ்சேஞ்ச் வைத்துக்கொள்ளும். திருட்டு வழக்குகள் என் கடைக்கு வர ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான்.

கோயம்புத்தூரில் ஒரு நூல் வியாபாரி. கணக்கு வழக்கில் சுத்தமானவர். அவருடைய எக்ஸ்சேஞ்ச் பாஸ்வேர்டு இருபது எழுத்து, எங்கேயும் எழுதி வைக்காதது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் செல்லில் சிக்னல் போனது. டவர் கோளாறு என்று விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. திங்கள்கிழமை செல் கம்பெனி ஷோரூமுக்குப் போனால், “சார், உங்க நம்பருக்கு சனிக்கிழமையே டூப்ளிகேட் சிம் வாங்கிட்டீங்களே” என்கிறார்கள். போலி அடையாள அட்டையோடு வேறு ஊரில் ஒருவன் வாங்கியிருக்கிறான். அவன் அந்த இருபது எழுத்தைத் தொடவே இல்லை. மெயிலுக்குப் போய் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா’ என்பதை அழுத்தினான். ஓடிபி அவன் கையிலிருந்த சிம்முக்கே வந்தது. மெயிலுக்குள் நுழைந்ததும் எக்ஸ்சேஞ்சில் போய் மறுபடி ‘மறந்துவிட்டதா’. அந்த லிங்க் மெயிலுக்கு வந்தது. காசு வெளியே போகும்போது கேட்ட ஓடிபியும் அதே சிம்முக்கு வந்தது. வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டு, கொல்லைக் கதவுக்குச் சணல் கயிறு.

2018 ஜனவரியில் அமெரிக்காவில் மைக்கேல் டெர்பின் என்ற முதலீட்டாளர் இதே வழியில் சுமார் 2.4 கோடி டாலர் மதிப்புள்ள காயின்களை இழந்து, தன் செல் கம்பெனி மேல் வழக்குப் போட்டது பெரிய செய்தியானது. கோயம்புத்தூர்க்காரருக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. “கம்பெனி டெபிட் கார்டைத் தொலைச்சாக்கூட பேங்க்ல போய் சண்டை போடலாம். இங்க யார்கிட்டங்க போய்ச் சண்டை போடறது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சிம் மாற்றினால் 24 மணி நேரம் அந்த நம்பருக்குக் குறுஞ்செய்தி போகக்கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை கட்டாயமாக்கியது 2022 நவம்பரில். நல்ல காரியம். ஆனால் அந்த ஒரு நாள் அவகாசம், சிக்னல் போனதைக் கவனிக்கிறவருக்கு மட்டும்தான் உதவும்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் நான் பாஸ்வேர்டைப் பற்றிக் கேட்பதில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்து, அவருடைய கணக்குகளை வட்டம் வட்டமாகப் போடச் சொல்வேன். எக்ஸ்சேஞ்ச் ஒரு வட்டம், மெயில் ஒரு வட்டம், செல் நம்பர் ஒரு வட்டம். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இதை மறந்துவிட்டால் எதை வைத்துத் திறப்பீர்கள்? அதிலிருந்து இதற்கு ஓர் அம்புக்குறி. பத்து நிமிடத்தில் எல்லா அம்பும் ஏதோ ஒரு மூலையில் இருக்கிற மூஞ்சி தெரியாத வட்டத்திலிருந்து கிளம்புவது தெரிந்துவிடும். பெரும்பாலும் அது செல் நம்பர். சில சமயம் மறந்தே போன பழைய மெயில் ஐடி. காலேஜ் படிக்கும்போது திறந்த யாஹூ ஐடியை ரெக்கவரி மெயிலாகக் கொடுத்திருப்பார்கள். யாஹூ 2013-லேயே பயன்படுத்தாத ஐடிகளை வேறு ஆட்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. ஒருவர், வேலையை விட்டு வந்த கம்பெனியின் ஆபீஸ் மெயிலைக் கொடுத்து வைத்திருந்தார். அங்கே இருக்கிற சிஸ்டம் அட்மின் நினைத்தால் இவருடைய சேமிப்பு முழுக்கவும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு அம்புகளை ஒவ்வொன்றாக வெட்டுவதுதான் வேலை. காயின் கணக்குக்கென்றே தனியாக ஒரு மெயில் ஐடி, விசிட்டிங் கார்டில் அச்சிடாதது. அந்த மெயிலின் ரெக்கவரியிலிருந்து செல் நம்பரை எடுத்துவிட்டு, அவர்கள் தருகிற பேக்கப் கோடுகளைக் காகிதத்தில் எழுதி வைப்பது. குறுஞ்செய்தி ஓடிபிக்குப் பதில் ஆத்தென்டிகேட்டர் ஆப். வசதி இருந்தால் யூஎஸ்பி செக்யூரிட்டி கீ இரண்டு, ஒன்று கையில், ஒன்று லாக்கரில். எக்ஸ்சேஞ்சில் காசு போகக்கூடிய முகவரிகளை முன்பே பதிந்து, புது முகவரி சேர்த்தால் ஒரு நாள் காத்திருக்கும்படி வைப்பது. இதெல்லாம் செட்டிங்ஸில் மூன்றாவது நான்காவது பக்கத்தில் கிடக்கும். கணக்குத் திறக்கிற அன்று யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை.

ஆத்தென்டிகேட்டரிலும் ஒரு சங்கடம் இருந்தது. போன் உடைந்தால் கோடுகளும் சேர்ந்து போய்விடும். தான் யார் என்று நிரூபிக்க எத்தனை பேர் கையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்து எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்துக் கிடந்திருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் கூகுள் தன் ஆத்தென்டிகேட்டரில் கோடுகளைக் கூகுள் கணக்கிலேயே சேமிக்கும் வசதி கொண்டுவந்தது. எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு அந்த வெள்ளைத் தாள்தான் ஞாபகம் வந்தது: வெட்டிவிட்ட அம்பு மறுபடி மெயிலிலிருந்து கிளம்புகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரீடூல் என்ற மென்பொருள் நிறுவனத்தில், ஓர் ஊழியரைப் போனில் ஏமாற்றி அவருடைய கூகுள் கணக்குக்குள் நுழைந்தவர்கள், அங்கே சேமித்திருந்த ஆத்தென்டிகேட்டர் கோடுகளையும் எடுத்து, அந்த நிறுவனத்தின் கிரிப்டோ வாடிக்கையாளர்களின் கணக்குகளைக் கைப்பற்றினார்கள். நான் என் ஆட்களுக்குச் சொல்வது பழைய முறைதான். ஆப்பில் கணக்கைச் சேர்க்கும்போது கியூஆர் படத்துக்குக் கீழே நீளமாக ஓர் எழுத்து வரிசை வரும். அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டால் எந்தப் போனிலும் கோடுகளை மறுபடி கொண்டுவந்துவிடலாம்.

வங்கிகள் கிரிப்டோ வியாபாரத்துக்குச் சேவை தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நடுவில் இருந்த இரண்டு வருடம் என் தொழிலைப் புரட்டிப் போட்டது. எக்ஸ்சேஞ்சுகள் மூடிவிடுமோ என்று பயந்து மக்கள் அவசர அவசரமாகக் காயின்களைச் சொந்த வாலட்டுக்கு மாற்றினார்கள். அவசரத்தில் வார்த்தைகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்கள், தங்களுக்கே வாட்ஸ்அப் அனுப்பிக்கொண்டார்கள், மெயில் டிராஃப்டில் போட்டார்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து கீ இவர்கள் கைக்கு வந்துவிட்டதாக நினைப்பு. போட்டோ தானாகவே கிளவுடுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. மெயில் போனால் எல்லாம் போகும் என்ற நிலையில் மாற்றமே இல்லை.

திருடர்களும் இந்தக் காலத்தில் தொழிலை மாற்றிக்கொண்டார்கள். சிம் வாங்கி, ஆவணம் தயாரித்து அலைவதைவிட, உரியவரிடமே வார்த்தைகளைக் கேட்டு வாங்கிவிடலாமே. 2020-ல் லெட்ஜர் என்ற வன்பொருள் வாலட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்து, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் வீட்டு முகவரியும் செல் நம்பரும் அந்த டிசம்பரில் பொதுவெளிக்கு வந்தன. கீகள் கசியவில்லை. ஆனால் யார் யார் வீட்டில் காயின் இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அடுத்த ஆண்டு சிலருக்கு அந்த நிறுவனத்தின் பெயரில் போலிக் கருவியே தபாலில் போனது: “பாதுகாப்புக்காக மாற்றித் தருகிறோம், உங்கள் வார்த்தைகளை இதில் பதியுங்கள்.”

திருச்சியில் ஒரு டாக்டர். வாலட் ஆப்பில் ஏதோ காசு தெரியவில்லை என்று ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். ஐந்து நிமிடத்தில் ‘சப்போர்ட்’ என்று ஒருவன் வந்துவிட்டான். மரியாதையான ஆங்கிலம், டிக்கெட் நம்பர் வேறு. ஒரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்து, ‘வாலட்டைச் சரிபார்க்க’ பன்னிரண்டு வார்த்தைகளையும் போடச் சொன்னான். டாக்டர் ஒன்பதாவது வார்த்தையில் சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். “பொத்தானை அழுத்தவே இல்லைங்க, மூணு வார்த்தை இன்னும் பாக்கி இருக்கு” என்று நிம்மதியாகச் சொன்னார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த மாதிரிப் பக்கங்கள் பொத்தானுக்காகக் காத்திருப்பதில்லை. தட்டத் தட்ட ஒவ்வோர் எழுத்தும் அவனுக்குப் போய்க்கொண்டிருக்கும். மூன்று வார்த்தை பாக்கி என்றால் 859 கோடி வாய்ப்பு. கேட்கப் பெரிதாக இருக்கிறது. சரிபார்ப்புக் கணக்கில் வடிகட்டினால் சுமார் 54 கோடி. வேளச்சேரிக் காகிதத்துக்கு உதவிய அதே கணக்கு இப்போது திருடனுக்கு உதவும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டுகள் வைத்திருப்பவனுக்கு அது சில மணி நேர வேலை. “பேஷன்ட்டை அப்புறம் பாத்துக்கலாம் டாக்டர், உடனே வீட்டுக்குக் கிளம்புங்க” என்றேன். அவர் ஆட்டோவில் போகும்போதே அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்று போனில் சொல்லிக்கொண்டே வந்தேன். புது வாலட், புது வார்த்தைகள், முதலில் பெரிய தொகை, பிறகு சில்லறை. சாயங்காலத்துக்குள் பழைய வாலட்டைக் காலி செய்துவிட்டார். ராத்திரி பத்து மணிக்கு அதில் விட்டுவைத்திருந்த கொஞ்சநஞ்சக் காசும் எங்கேயோ போய்விட்டிருந்தது.

இந்தக் கதையை நான் சொல்லக் கேட்டவர்கள் எதிர்ப்பக்கம் ஓடுவதும் உண்டு. பன்னிரண்டு வார்த்தைக்கு மேல் இன்னொரு ரகசிய வார்த்தை, பாஸ்ஃபிரேஸ், சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. காகிதம் திருடு போனாலும் காசு போகாது. ஆனால் அதில் ஒரு விசித்திரம்: தப்பான பாஸ்ஃபிரேஸ் என்று ஒன்று கிடையாது. எதைப் போட்டாலும் ஒரு வாலட் திறக்கும். ஓர் எழுத்து பிசகினாலும் வேறொரு வாலட், காலியாக.

ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர், காசு முழுக்கத் திருட்டுப் போய்விட்டது என்று போலீஸ் புகார்கூட எழுதி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். புதுக் கம்ப்யூட்டரில் வாலட்டைத் திறந்தால் பூஜ்ஜியம். பழைய முகவரியை பிளாக்செயினில் தேடிப் பார்த்தேன். காசு அங்கேயே ஆடாமல் அசையாமல் இருந்தது. யாரும் எடுக்கவில்லை, இவரால்தான் திறக்க முடியவில்லை. பாஸ்ஃபிரேஸ் அவர் மனைவியின் ஊர்ப்பெயர், அதில் சந்தேகமே இல்லை என்றார். சிறிய எழுத்து, பெரிய எழுத்து, வேறு ஸ்பெல்லிங் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. கடைசியில், “சார், அன்னிக்கு எப்படி அடிச்சீங்களோ அதே மாதிரி உங்க போன்ல ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க” என்றேன். நோட்ஸைத் திறந்தார். முதலில் அங்கே அடித்து, காப்பி எடுத்து, வாலட்டில் ஒட்டுவது அவர் வழக்கம். நான்கு எழுத்து அடித்ததும் கீபோர்டுக்கு மேலே முழுப்பெயர் வந்தது. அதைக் கட்டைவிரலால் தொட்டார். பெயர் விழுந்தது, முதல் எழுத்து பெரிதாக. கர்சர் பெயரை ஒட்டி நிற்காமல் ஓர் இடம் தள்ளி நின்றது. கீபோர்டு தானாகவே ஒரு ஸ்பேஸ் போட்டிருந்தது. அந்த ஸ்பேஸோடு சேர்த்துத்தான் அன்றைக்கு ஒட்டியிருக்கிறார். கம்ப்யூட்டரில் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் தட்டினோம், காசு வந்து நின்றது. அவர் அந்தப் புகார்க் கடிதத்தை நான்காகக் கிழித்து என் மேஜை மேலேயே போட்டுவிட்டுப் போனார்.

குவாட்ரிகா என்ற கனடா நாட்டு எக்ஸ்சேஞ்சின் தலைவர் ஜெரால்டு காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வயது முப்பது. இணையத்தோடு இணைக்காமல் வைத்திருக்கிற கோல்டு வாலட்டுகளின் பாஸ்வேர்டு அவருக்கு மட்டுமே தெரியும், காசை எடுக்க முடியவில்லை என்று கம்பெனி சொன்னது. பிறகு ஆராய்ந்து பார்த்தால் அந்த வாலட்டுகள் அவர் சாவதற்குப் பல மாதம் முன்பே காலி. 2020-ல் ஒன்டாரியோ பங்குச்சந்தை ஆணையம் அது மோசடி என்றே அறிக்கை கொடுத்தது. மோசடியோ இல்லையோ, இந்தியாவில் நடந்த சாவு என்பதால் இங்கே பத்திரிகைகளில் அடிபட்டது. அதைப் படித்துவிட்டுத்தான் முதல்முறையாகக் கணவனோடு மனைவியும் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். “இவருக்கு ஏதாவது ஆயிட்டா நான் யாரைக் கேக்கறது?” என்று வெளிப்படையாகவே கேட்பார்கள். கணவன் நெளிவார்.

வார்த்தைகளைப் பாதி மனைவியிடம், பாதி தம்பியிடம் கொடுத்துவைக்கிற யோசனை எல்லோருக்கும் வருகிறது. எனக்குப் பிடிக்காது. இருவரில் ஒருவர் தொலைத்தாலும் மொத்தமும் போச்சு. பன்னிரண்டில் ஆறு தெரிந்தவனுக்கு மீதிக் கணக்கு பல மடங்கு சுலபமாகிவிடுகிறது. அதைவிட மூன்று கீ வைத்து, எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கிற மல்டிசிக் வாலட் நல்லது. தொகை பெரிதாக இருந்தால் மட்டும். லட்சம் இரண்டு லட்சம் வைத்திருக்கிறவரை இதில் இழுத்துவிடுவது பாவம். அவருக்கு அம்புகளை வெட்டிய எக்ஸ்சேஞ்ச் கணக்கே போதும் என்பேன். கீ கையில் இல்லையென்றால் காயின் உனதில்லை என்று முழங்குகிற கோஷ்டிக்கு இது பிடிப்பதில்லை. அவர்களில் பாதிப் பேர் பின்னால் என் வாடிக்கையாளர்கள்தான்.

அந்தக் கோஷ்டிக்கு 2024 ஜூலை 18 திருவிழா நாள் மாதிரி ஆகிவிட்டது. வாசிர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கும் மேல் போனது அன்றுதான். மல்டிசிக் வாலட், பலர் கையெழுத்துப் போட்டால்தான் காசு நகரும். அவர்கள் கையெழுத்துப் போடத்தான் செய்தார்கள். திரையில் காட்டியது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று. 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் போனதும் ஏறக்குறைய இதே வித்தைதான். வாசிர்எக்ஸில் மாட்டிக்கொண்ட ஒரு வாடிக்கையாளர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக, 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது சட்டப்படி ஒரு சொத்துதான் என்று தீர்ப்பளித்தார். வாரிசுகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது போகப்போகத் தெரியும். எனக்கு உடனடியாக வந்த வேலை, எக்ஸ்சேஞ்சை விட்டு ஓடிவந்தவர்களை உட்கார வைப்பது. 2018-ல் நடந்த அதே ஸ்கிரீன்ஷாட் கூத்து மறுபடி தொடங்கியிருந்தது.

இப்போதெல்லாம் ஒரு குடும்பத்துக்கு வாலட் அமைத்துக் கொடுத்தால், முதலில் நூறு ரூபாய்க் காயினை மட்டும் ஏற்றுவேன். பிறகு கருவியை அவர்கள் கண் முன்னாலேயே ரீசெட் செய்துவிடுவேன். காகிதத்தை வைத்து அதைத் திரும்ப உயிர்ப்பிக்க வேண்டியவர், காயின் வாங்கிய ஆள் இல்லை. அவர் மனைவியோ மகளோதான். காயின் வாங்கியவர் வாயைத் திறக்கக்கூடாது. நூறு ரூபாய் திரையில் வந்த பிறகுதான் மீதிப் பணம்.

போன மாதம் தாம்பரத்தில் ஒரு வீட்டில் இப்படிச் செய்துகொண்டிருந்தோம். பிளஸ் டூ படிக்கிற பெண் வார்த்தைகளைக் கிடுகிடுவென்று ஏற்றிவிட்டாள். நான்கு எழுத்து தட்டினாலே கருவி மீதியைச் சொல்லிவிடும் என்று அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் அம்மா வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “இவருக்கு ஒண்ணு ஆனா, இந்த நம்பருக்கு யாரு ரீசார்ஜ் பண்ணுவா? மூணு மாசத்துல வேற யாருக்காவது குடுத்துடுவாங்களே?” மெயிலை வெட்டியிருந்தோம், எக்ஸ்சேஞ்சை வெட்டியிருந்தோம். வீட்டுக் கடன் வாங்கிய பேங்க், டீமேட் கணக்கு, பாப்பாவின் பெயரில் போட்ட டெபாசிட் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே நம்பர். துண்டித்து 90 நாள் கழித்து அந்த நம்பரை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் விதி. “கிரிப்டோவுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டோம்” என்றார் கணவர். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, தாளைத் திருப்பிப் போட்டு, பேங்குக்கு ஒரு வட்டம் போட்டேன்.